கேளாமல் கைக்கு வந்தவை

சென்ற ஓணத்துக்கு என் தங்கை மகள் வித்துராவுக்கு வந்திருந்தாள். நெடுமங்காடு பஸ்ஸை விட்டு இறங்கும்போதே தெருமுனைவரை குரல் கேட்கும் பெண். அன்று செருப்பைக் கழற்றிவிட்டுப் பேசாமல் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டாள். என் மனைவி காப்பி கொடுத்து, தலையைத் தடவி, மெல்ல விசாரித்ததில் விஷயம் வெளிவந்தது. திருவனந்தபுரத்தில் ஒரு நிறுவனத்தில் அவளுக்கு வேலை. பயிற்சிக் காலம் முடிந்து நிரந்தரமாக்கும் நேரம். அந்த நேரம் பார்த்துக் கையில் ஒரு மெமோ கொடுத்திருக்கிறார்கள்.

"மாமா, நான் தொடவே தொடாத ஒரு டேட்டா செட்டை ராத்திரி முழுக்க நான் பிடித்து வைத்திருந்தேனாம். அதனால் வெளிநாட்டு வாடிக்கையாளரின் இரவு வேலை நாலு மணி நேரம் நின்றுவிட்டதாம். நான் அதைத் திறக்கவே இல்லை. சத்தியமாகத் திறக்கவில்லை" என்றாள்.

நான் ரயில்வேயில் தண்டவாளப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சிவில் டிப்ளமோ. பெரிய கணிப்பொறியின் முன் பணிக்காலத்தில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. இரு ஓரமும் துளையிட்ட, மடிப்பு மடிப்பான அகலத் தாளில் சரக்குப் பட்டியல்கள் எங்கள் அலுவலகத்துக்கு வரும். அந்தத் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்ததோடு என் கணிப்பொறி அனுபவம் சரி. ஆனால் "கையில் இருப்பது என்னவென்று தெரியாமல் கையில் வைத்திருப்பது" என்ற சங்கதி ரயில்வேக்காரனுக்குப் புதிதல்ல. அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு அவளோடு சேர்ந்து நானும் படித்தேன். படித்ததை நம் சங்க அன்பர்களுக்குச் சொல்லலாம் என்று தோன்றியது. நம் வீட்டுப் பிள்ளைகளில் பலர் இந்த வேலையில் இருக்கிறார்கள். அவர்கள் இரவில் எதற்காகத் தூக்கமிழக்கிறார்கள் என்று பெற்றோருக்கும் கொஞ்சம் தெரியட்டுமே!

எந்த இயந்திரம் இது?

மெயின்பிரேம் என்று சொல்லப்படும் பெருங்கணிப்பொறியைப் பலர் அருங்காட்சியகப் பொருள் என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. உலகின் பெரிய வங்கிகள், இன்சூரன்ஸ் நிறுவனங்கள் பலவற்றின் கணக்கு இன்றும் அதில்தான் ஓடுகிறது. ஐ.பி.எம். நிறுவனம் 1964 ஏப்ரலில் சிஸ்டம்/360 என்ற வரிசையை அறிவித்தது. அதன் வழித்தோன்றல்தான் இன்றைய இசட் வரிசை இயந்திரங்கள். அப்போது எழுதிய நிரல்கள் பல இன்றும் திருத்தமில்லாமல் ஓடும் என்பது அவற்றின் பெருமை.

இந்தியாவுக்கும் இது பழைய உறவு. 1960-களில் நம் ரயில்வே மண்டலங்களில் ஐ.பி.எம். 1401 என்ற இயந்திரம் துளையட்டைகளைத் தின்றுகொண்டு சம்பளக் கணக்கும் சரக்குக் கணக்கும் போட்டது. 1973-ல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு சென்னை ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 370/155 வந்தது. 1978-ல் அந்த நிறுவனம் இந்தியாவை விட்டு வெளியேறியது. 1992-ல் டாடாவோடு கூட்டுச் சேர்ந்து திரும்பி வந்தது. அந்தப் பத்தாண்டின் முடிவில், 2000-ஆம் ஆண்டு பிறக்கும்போது தேதிக் கணக்கு குழம்பாமலிருக்கப் பழைய நிரல்களைத் திருத்தும் வேலை உலகெங்கும் நடந்தபோது, நம் இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் இந்த இயந்திரத்தைக் கற்றுக்கொண்டார்கள். அந்தக் கல்வியின் தொடர்ச்சிதான் என் தங்கை மகளின் வேலையும்.

இந்த இயந்திரத்தில் கோப்பு என்று சொல்வதில்லை. டேட்டா செட் என்பார்கள். அதன் பெயர் புள்ளிகளால் பிரிந்த பல துண்டுகளாக இருக்கும். ஒரு துண்டு 8 எழுத்துக்கு மேல் போகக் கூடாது. புள்ளிகளையும் சேர்த்து மொத்தம் 44 எழுத்துக்கு மேல் கூடாது. இந்த 8 எழுத்துச் சட்டத்தின் கடுமைக்கு ஒரு வேடிக்கையான சாட்சி உண்டு. எல்லோருக்கும் செய்தி சொல்லும் டேட்டா செட்டுக்கு 'பிராட்காஸ்ட்' என்று பெயர் வைக்க நினைத்தார்கள். ஆங்கிலத்தில் எண்ணினால் அது 9 எழுத்து. நடுவிலிருந்து ஓர் 'ஏ'வை உருவிவிட்டு, எழுத்துப் பிழையோடேயே 'சிஸ்1.பிராட்காஸ்ட்' என்று வைத்துவிட்டார்கள். அந்தப் பிழை இன்றுவரை அப்படியே இருக்கிறது.

வாசலில் நடப்பது

ஒரு மனிதர் திரையின் முன் அமர்ந்து இந்த இயந்திரத்தோடு நேரடியாகப் பேசும் வசதிக்கு டி.எஸ்.ஓ. என்று பெயர். இது 1971 முதல் இருக்கிறது. பயன்படுத்துபவர் தம் அடையாளப் பெயரையும் கடவுச்சொல்லையும் தட்டி உள்ளே நுழைகிறார். வேலை முடிந்ததும் 'லாகாஃப்' என்று தட்டி வெளியேறுகிறார். இடைப்பட்ட நேரத்துக்கு அமர்வு என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

நுழைந்தவுடன் திரையில் சில வரிகள் ஓடும். பிறகு 'ரெடி' என்று வரும். அல்லது அழகான பட்டியல் திரை ஒன்று வரும். புதியவர்கள் என்ன நினைப்பார்கள்? "இதோ வெறுங்கையோடு உள்ளே வந்துவிட்டேன், இனி எதை எடுக்கிறேனோ அதுதான் என்னுடையது" என்று நினைப்பார்கள். தவறு அங்கேதான் ஆரம்பிக்கிறது. 'ரெடி' என்ற சொல் திரையில் வருவதற்குள் அவர் கையில் பல டேட்டா செட்டுகள் திணிக்கப்பட்டாகிவிட்டன. பெரிய அலுவலகங்களில் இந்த எண்ணிக்கை நூறைத் தாண்டுவதும் உண்டு.

ரயில்வேயில் ஒரு நிலைய அதிகாரி பணி மாறும்போது என்ன செய்கிறார்? சாவிகள், கொடிகள், கைவிளக்குகள், டெட்டனேட்டர்கள், டிக்கெட்டின் கடைசி எண், பணப்பெட்டி என்று ஒவ்வொன்றையும் பதிவேட்டில் பார்த்து, "பொறுப்பு ஏற்றேன்" என்று கையெழுத்துப் போடுகிறார். அவர் கேட்டு வாங்கியவை அல்ல அவை. ஆனால் கையெழுத்துப் போட்ட நொடியிலிருந்து அத்தனைக்கும் அவரே பொறுப்பு. டி.எஸ்.ஓ.விலும் இதே பொறுப்பேற்பு நடக்கிறது. ஒரே வித்தியாசம், பதிவேட்டை யாரும் உங்கள் முன் நீட்டுவதில்லை, கேட்டால்தான் காட்டுவார்கள்.

மூன்று கைகள் கொடுக்கின்றன

இந்த ஒதுக்கீடுகள் மூன்று வழியாக வருகின்றன. இதைப் பிரித்துத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதல் வழி, நுழைவு நடைமுறை. நிர்வாகிகள் ஜே.சி.எல். என்ற கட்டளை மொழியில் முன்கூட்டியே எழுதி வைத்த ஒரு பட்டியல் இது. நுழைவுத் திரையில் 'புரொசீஜர்' என்ற இடத்தில் இருக்கும் பெயர் இதைத்தான் குறிக்கும். பெரும்பாலும் அந்த இடம் தானாகவே நிரம்பியிருப்பதால் யாரும் அதைக் கவனிப்பதில்லை. அந்தப் பட்டியலின் ஒவ்வொரு வரியும் ஒரு சிறு பெயரையும் ஒரு டேட்டா செட்டையும் முடிச்சுப் போடுகிறது. சிறு பெயருக்கு டி.டி. பெயர் என்று சொல்வார்கள். 'சிஸ்ஹெல்ப்' என்ற டி.டி. பெயரில் உதவிக் குறிப்புகள் இருக்கும். 'சிஸ்பிராக்' என்பதில் கட்டளைத் தொகுப்புகள் இருக்கும். பட்டியல் திரைகளைக் காட்டும் ஐ.எஸ்.பி.எஃப். என்ற வசதிக்கு வேண்டிய திரைகள் 'ஐ.எஸ்.பி.பி.லிப்' என்பதிலும், செய்திகள் 'ஐ.எஸ்.பி.எம்.லிப்' என்பதிலும் இருக்கும். நிரல்களுக்கு டி.டி. பெயர் மட்டுமே தெரியும். அதன் பின்னால் உண்மையில் எந்த டேட்டா செட் நிற்கிறது என்பது அந்தந்த அலுவலகத்தின் விருப்பம். மேசைக்குப் பின்னால் யார் உட்கார்ந்தாலும் 'பார்சல் கிளார்க்' என்று கூப்பிடுகிறோமே, அதுபோல.

இரண்டாவது வழி, தொடக்கக் கட்டளைத் தொகுப்பு. நுழைவு நடைமுறை முடிந்தவுடன் தானாக ஓடும் ஒரு சிறு நிரல் இது. "இந்தப் பயனரின் பெயரில் இன்ன டேட்டா செட் இருந்தால் கொடு, இல்லையென்றால் புதிதாக உண்டாக்கிக் கொடு" என்பது போன்ற வேலைகளைச் செய்யும். ஆளுக்கு ஆள் மாறுவதும், ஒருவரிடமிருந்து இன்னொருவர் நகலெடுத்துக்கொள்வதும் இதில்தான். என் தங்கை மகளின் கதை இந்த இரண்டாவது வழியில்தான் நடந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

மூன்றாவது வழி, நாம் வேலை செய்யச் செய்ய, நாம் இயக்கும் நிரல்கள் தம் தேவைக்காக எடுத்துக்கொள்பவை. இவற்றில் பலவற்றுக்குப் பெயரைக்கூட இயந்திரமே வைக்கும். டி.டி. பெயர் வேண்டுமென்றால் 'சிஸ்00001', 'சிஸ்00002' என்று எண் போட்டுக்கொண்டே போகும். தற்காலிக டேட்டா செட் என்றால் 'சிஸ்25241.டி101530' என்று ஆரம்பிக்கும் நீண்ட பெயர் வரும். முதலில் பார்ப்பவருக்குக் கிறுக்கல் மாதிரி இருக்கும். ஆனால் அது ஒரு தேதி முத்திரை: 2025-ஆம் ஆண்டின் 241-ஆம் நாள், அதாவது ஆகஸ்டு 29, நேரம் 10 மணி 15 நிமிடம் 30 விநாடி. நம் பழைய அட்டை டிக்கெட்டில் தேதி அச்சு அழுத்துவார்களே, அதேபோல.

இந்த வழக்கம் ஐ.பி.எம்.முக்கு மட்டும் சொந்தமல்ல. 1985-86-ல் டில்லியில் தொடங்கிய நம் ரயில்வே முன்பதிவு ஏற்பாடு டிஜிட்டல் நிறுவனத்தின் வாக்ஸ் இயந்திரங்களில் அமைந்தது. அவற்றின் வி.எம்.எஸ். இயங்குதளத்திலும் ஒருவர் நுழைந்தவுடன் உள்ளீடு, வெளியீடு, பிழை, கட்டளை என்று நான்கு பெயர்கள் அவருக்காகத் தயாராகிவிடும். யூனிக்ஸில் 0, 1, 2 என்று மூன்று வாய்க்கால்கள் திறந்தே இருக்கும். எங்கேயும் வெறுங்கையோடு யாரும் உள்ளே போவதில்லை. மெயின்பிரேமில் மட்டும் மூட்டை பெரியது.

பதிவேட்டைக் கேட்டு வாங்குவது

கையில் இருப்பதைப் பார்க்க டி.எஸ்.ஓ.வில் ஒரு கட்டளை உண்டு: 'லிஸ்ட்ஆல்க்'. தனியாகத் தட்டினால் டேட்டா செட் பெயர்கள் மட்டும் வரும். பக்கத்தில் 'ஸ்டேட்டஸ்' என்று சேர்த்தால் ஒவ்வொன்றின் டி.டி. பெயரும், வேலை முடிந்ததும் அதை வைத்துக்கொள்வதா, அழிப்பதா என்ற குறிப்பும் வரும். 'ஹிஸ்டரி' என்று சேர்த்தால் அது உண்டான தேதி முதலிய விவரங்கள் வரும். 'சிஸ்நேம்ஸ்' என்று சேர்த்தால் இயந்திரமே பெயர் வைத்தவையும் தெரியும்.

பட்டியலில் 'டெர்ம்ஃபைல்' என்று வந்தால் பயப்பட வேண்டாம். அந்த டி.டி. பெயர் நம் திரைக்கும் விசைப்பலகைக்குமே கொடுக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். 'நல்ஃபைல்' என்று வந்தால் பெயருக்கு ஒரு வாசல் இருக்கிறது, பின்னால் ஒன்றுமில்லை என்று பொருள். ஒரே டி.டி. பெயருக்குக் கீழே பெயரில்லாமல் பல டேட்டா செட்டுகள் வரிசையாக வந்தால் அவை ஒரு தொடர். ரயில் பெட்டிகள் போலக் கோத்திருக்கிறார்கள். தேடும்போது முதல் பெட்டியிலிருந்து தேடுவார்கள். அங்கே கிடைத்துவிட்டால் அடுத்த பெட்டிக்குப் போகமாட்டார்கள். ஒரே பெயரில் இரண்டு பெட்டியிலும் சரக்கு இருந்தால் முன்பெட்டிச் சரக்குக்கே மரியாதை.

ஆனால் 'லிஸ்ட்ஆல்க்' சொல்லாத ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது: அந்த டேட்டா செட்டை நாம் மற்றவரோடு பகிர்ந்து வைத்திருக்கிறோமா, தனியே பூட்டி வைத்திருக்கிறோமா என்பது. அதைப் பார்க்க ஐ.எஸ்.பி.எஃப். உள்ளே 'டிடிலிஸ்ட்' என்ற கட்டளை உண்டு. 'ஐ.எஸ்.ஆர்.டி.டி.என்.' என்றும் சொல்வார்கள். அது ஒவ்வொரு வரியிலும் பகிர்வா, தனியா என்று காட்டும். தங்கை மகளின் மெமோவுக்கு விடை அந்த ஒரு பத்தியில்தான் இருந்தது.

வாசகசாலையும் டோக்கனும்

பகிர்வு, தனி என்றால் என்ன? நம் ஊர் வாயனசாலையில் மேசை மேல் செய்தித்தாளை விரித்து வைத்திருப்பார்கள். நாலு பேர் ஒரே நேரத்தில் குனிந்து படிக்கலாம். யாருக்கும் இடைஞ்சல் இல்லை. இதுதான் பகிர்வு. நுழைவு நடைமுறை கொடுக்கும் நூலகங்கள் எல்லாம் பொதுவாக இந்த வகைதான்.

தனி என்பது ஒற்றைத் தண்டவாளப் பாதையின் டோக்கன். இரண்டு நிலையங்களுக்கு நடுவே ஒரே பாதை. இரு நிலையங்களிலும் நீல் என்பவர் பெயரில் வழங்கும் டோக்கன் கருவிகள் இருக்கும். இரண்டும் கம்பியால் ஒன்றோடொன்று பிணைந்தவை. ஒரு பந்து வெளியே வந்துவிட்டால், அது ஏதாவது ஒரு கருவிக்குள் திரும்பப் போகும்வரை இரு பக்கமும் வேறு பந்து வெளியே வராது. டோக்கன் கையில் உள்ளவருக்கே பாதை. மற்ற எல்லோரும் காத்திருக்க வேண்டும்.

இதில் என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்லாமல் போனால் இந்தக் கட்டுரை நேர்மையாகாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு மழை நாளில் மோட்டார் டிராலிக்கு டோக்கன் வாங்கிக்கொண்டு பாதையைப் பார்த்துக்கொண்டே போனேன். அடுத்த நிலையத்தில் டிராலியைத் தண்டவாளத்திலிருந்து இறக்கி ஓரம் வைத்ததும், பெய்த பெயலில் நேராக ஓய்வறைக்கு ஓடிவிட்டேன். டோக்கன் பந்து தோல்பையோடு என் மழைக்கோட்டுக்கு அடியில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தபோது, பாதையில் ஒன்றுமே இல்லை. ஆனாலும் ஒரு பாசஞ்சர் வண்டி புறப்பட முடியாமல் நின்றுகொண்டிருந்தது. பாயிண்ட்ஸ்மேன் ஓடிவந்து, "சார், பந்து!" என்று கத்தியபோதுதான் உறைத்தது. நான் பாதையை உபயோகிக்கவில்லை. ஆனால் பாதை என் கையில் இருந்தது.

இந்த இரண்டு வாக்கியங்களைத்தான் மெயின்பிரேமில் வேலை செய்யும் ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்ய வேண்டும். ஒரு டேட்டா செட்டைத் திறந்தீர்களா, படித்தீர்களா, எழுதினீர்களா என்பதை இயந்திரம் பார்ப்பதில்லை. ஒதுக்கீடு ஆகியிருக்கிறதா என்பதை மட்டும் பார்க்கிறது. ஒருவர் தனியுரிமையோடு வைத்திருந்தால் அடுத்த பயனருக்கு, "ஏற்கெனவே உபயோகத்தில் இருக்கிறது, பிறகு முயலவும்" என்ற செய்தி வரும். இரவில் வரிசையில் ஓடும் பெரிய வேலையாக இருந்தால், "டேட்டா செட்டுக்காகக் காத்திருக்கிறது" என்று இயக்குநர் திரையில் ஒரு வரி போட்டுவிட்டு அப்படியே நின்றுவிடும்.

பகிர்வில் வைத்திருப்பதும் முழுக்க இடைஞ்சல் இல்லாதது அல்ல. இதுதான் பலருக்குத் தெரியாதது. பழைய வகை நூலக டேட்டா செட்டில் ஓர் உறுப்பைத் திருத்திச் சேமித்தால் பழைய பிரதியின் இடம் உடனே காலியாவதில்லை. புதுப்பிரதி வேறிடத்தில் உட்காரும். நாளடைவில் இடம் தீர்ந்துபோகும். அப்போது நிர்வாகி அதைச் சுருக்கி ஒழுங்குபடுத்த வேண்டும். அதைப் பாதுகாப்பாகச் செய்ய அவருக்குத் தனியுரிமை வேண்டும். ஆனால் உள்ளே நுழைந்த ஒவ்வொருவர் கையிலும் அது பகிர்வில் இருக்கிறது. கடைசி ஆள் வெளியேறும்வரை அவர் காத்திருக்க வேண்டியதுதான். வாயனசாலை மேசைக்கு வார்னிஷ் அடிக்க வேண்டுமென்றால், செய்தித்தாள் படிப்பவர் எல்லோரும் எழுந்து போக வேண்டுமல்லவா?

கொடுத்ததையும் கெடுத்துக்கொள்ளலாம்

கையில் இருப்பதை விட்டுவிட 'ஃப்ரீ' என்ற கட்டளை உண்டு. டி.டி. பெயரைச் சொல்லி விடலாம். நாம் எடுத்ததை வேலை முடிந்ததும் நாமே விட்டுவிடுவது நல்ல பழக்கம். ஆனால் ஆர்வக்கோளாறில் எல்லாவற்றையும் விட்டுவிடக் கூடாது. இயந்திரம் கொடுத்தவை அமர்வு நடக்கத் தேவையானவை.

புதியவர்கள் செய்யும் இன்னொரு தவறு இது. தமக்கென்று எழுதிய கட்டளைகளை ஒரு டேட்டா செட்டில் வைத்திருப்பார்கள். அது உடனே ஓட வேண்டும் என்று 'சிஸ்பிராக்' என்ற டி.டி. பெயருக்கு அதை ஒதுக்கி, 'ரீயூஸ்' என்ற சொல்லையும் சேர்த்துவிடுவார்கள். அந்தச் சொல்லின் பொருள், "முன்னிருந்ததைக் கழற்றிவிட்டு இதை மாட்டு" என்பது. கோத்திருந்த பெட்டிகள் அத்தனையும் கழன்று, இவருடைய ஒற்றைப் பெட்டி மட்டும் எஞ்சினோடு நிற்கும். காலையில் ஓடிய கட்டளை மத்தியானம் "காணவில்லை" என்கும். ஆறுதல் என்னவென்றால், சேதம் அவருடைய அமர்வுக்குள் மட்டும்தான். வெளியேறி மறுபடி நுழைந்தால் நுழைவு நடைமுறை எல்லாவற்றையும் மறுபடி கோத்துக் கொடுத்துவிடும். சரியான வழி, பழைய தொடரைத் தொடாமல் நம் பெட்டியைத் தனியே முன்னால் சேர்ப்பது. அதற்கென்று 'ஆல்ட்லிப்' என்ற கட்டளை இருக்கிறது.

இதையெல்லாம் புத்தகத்தில் மட்டும் படித்து நான் எழுதவில்லை. 1999-ல் ரோஜர் பௌலர் என்பவர் வெளியிட்ட 'ஹெர்குலிஸ்' என்ற மென்பொருள் உண்டு. அது சாதாரண மேசைக் கணிப்பொறியை மெயின்பிரேம் போல நடிக்க வைக்கும். 1970-களின் கடைசியைச் சேர்ந்த எம்.வி.எஸ். 3.8 என்ற பழைய இயங்குதளம் அதற்கு இலவசமாகக் கிடைக்கிறது. வித்துரா மழையில் மின்சாரம் இருந்த நேரமாகப் பார்த்து, பேரனின் மடிக்கணிப்பொறியில் அதை ஏற்றினோம். அவள் நிறுவனத்தின் ஒரு தாளைக்கூட வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. கொண்டுவரவும் கூடாது என்று நான் சொல்லிவிட்டேன். இரண்டு பயனர்களாக நுழைந்தோம். ஒருவர் ஒரு டேட்டா செட்டைத் தனியுரிமையோடு எடுத்துக்கொண்டு சும்மா இருந்தார். மற்றவர் கேட்டபோது "உபயோகத்தில் இருக்கிறது" என்று பதில் வந்தது. முதலாமவர் 'ஃப்ரீ' சொன்னவுடன் இரண்டாமவருக்குக் கிடைத்தது. தங்கை மகள் அதைப் பார்த்துவிட்டு ஒரு நிமிடம் பேசவில்லை. பிறகு, "மாமா, அப்படியென்றால் எனக்கு அதை யாரோ கொடுத்திருக்கிறார்கள்" என்றாள்.

கொடுத்தது யார்?

விடுமுறை முடிந்து போனதும், காலையில் முதல் வேலையாக உள்ளே நுழைந்தாள். வேறு எதையும் தொடுவதற்கு முன் 'டிடிலிஸ்ட்' தட்டினாள். பகிர்வு, பகிர்வு, பகிர்வு என்று போன பட்டியலின் நடுவே ஒரு வரியில் மட்டும் தனியுரிமை என்றிருந்தது. மெமோவில் எழுதியிருந்த அதே டேட்டா செட்! அவள் சத்தியமாகத் திறக்காத டேட்டா செட்.

தொடக்கக் கட்டளைத் தொகுப்பைத் திறந்து பார்த்தாள். அவளுக்கு முன் அந்த இடத்தில் இருந்தவர் எழுதியது அது. அவருக்குத் தினமும் அந்த அட்டவணையைத் திருத்தும் வேலை இருந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் எடுப்பானேன் என்று நுழைந்தவுடன் தனியுரிமையோடு கிடைக்கும்படி ஒரு வரி சேர்த்திருக்கிறார். அவர் மாலையில் ஒழுங்காக வெளியேறிவிடுவார்; அதனால் ஒரு நாளும் வினை வரவில்லை. அவர் வேறு பிரிவுக்குப் போனபோது அந்தத் தொகுப்பை அப்படியே இவளுக்கு நகலெடுத்துக் கொடுத்துவிட்டார்கள். பொறுப்பு மாறியது, பதிவேடு மாறவில்லை.

இவள் பக்கத்திலும் தவறு இல்லாமலில்லை. அன்று மாலை லாகாஃப் செய்யாமல் திரையை மட்டும் பூட்டிவிட்டு விடுதிக்குப் போய்விட்டாள். பொதுவாக, சும்மா கிடக்கும் அமர்வை ஒரு வரம்புக்கு மேல் இயந்திரமே முடித்து வைக்கும். 522 என்ற எண்ணோடு அது விழும். நீண்ட வேலை செய்பவர்களின் வசதிக்காக அந்த வரம்பை அங்கே தளர்த்தி வைத்திருந்தார்கள். ஆக மூன்று பேர் மூன்று வசதிக்காகச் செய்த மூன்று சின்னக் காரியங்கள் ஓர் இரவில் ஒன்றுசேர்ந்தன. ரயில்வேயில் விபத்து விசாரணை அறிக்கைகளைப் படித்தவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். ஒரே தவறால் பெரிய விபத்து நடப்பது அபூர்வம்.

அவள் நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தாள். "நான் வெளியேறாமல் போனது தவறு" என்பதை முதல் வரியாக எழுதச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே எழுதினாள். மெமோவைத் திரும்பப் பெறவில்லை. ஆனால் பிரிவில் எல்லோருடைய தொடக்கத் தொகுப்பையும் எடுத்துப் பார்த்ததில், இன்னும் இரண்டு பேரிடம் அதே வரி இருந்தது தெரியவந்தது. எல்லாவற்றையும் திருத்தினார்கள். அடுத்த மாதம் அவளை நிரந்தரமாக்கிவிட்டார்கள். இப்போது அந்தப் பிரிவில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் பாடம் எடுப்பது அவள்தானாம்.

நம் பிள்ளைகளுக்கு

இந்தத் துறையில் காலடி எடுத்து வைக்கும் நம் பிள்ளைகளுக்கு, ஒரு பழைய தண்டவாளக்காரன் நாலு வார்த்தை சொல்லலாமென்றால் இவைதான். நுழைந்த முதல் நாளே உங்கள் கைக்கு என்னென்ன வந்திருக்கிறது என்று பட்டியல் எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு வரிக்கும் "இதைக் கொடுத்தது யார், எதற்கு" என்று கேளுங்கள்; விடை தெரியாத வரியை மூத்தவரிடம் காட்டுங்கள். பிறர் எழுதிய தொடக்கத் தொகுப்பை வாங்கும்போது வரிவரியாகப் படித்துவிட்டு வாங்குங்கள். நீங்கள் எடுத்ததை நீங்களே விடுங்கள், கொடுத்ததைக் கழற்றாதீர்கள். மாலையில் லாகாஃப் செய்யாமல் பஸ்ஸைப் பிடிக்க ஓடாதீர்கள்.

சென்ற வாரம் தொலைபேசியில் பேசும்போது கேட்டேன், "இன்றைக்கு லாகாஃப் செய்தாயா அம்மா?" என்று. "செய்தாச்சு மாமா. உங்கள் பந்து பத்திரமாகப் பெட்டிக்குள் இருக்கிறது" என்றாள். அந்த மழை நாளில் பாயிண்ட்ஸ்மேன் கத்தியது எனக்கு இன்னும் காதில் கேட்கிறது. இப்போதெல்லாம் அதைக் கேட்டால் கொஞ்சம் சிரிப்பும் வருகிறது.